புது மருந்து பழையதற்குக் குறைந்ததல்ல என்றால் என்ன பொருள்? மேன்மை, சமானம், தாழ்வின்மை ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ மாணவர்கள், மருந்தாளுநர்கள், நெறிமுறைக் குழு உறுப்பினர்கள், ஆய்வில் சேரும்படி கேட்கப்பட்ட நோயாளிகள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை காசநோய் சிகிச்சையிலிருந்தும் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

மூன்று வகை ஆய்வுகளும் எதில் வேறுபடுகின்றன?

ஆய்வு தொடங்கும் முன் கேட்கும் கேள்வியில்தான். புது மருந்து மேலானதா என்று கேட்டால் அது மேன்மை ஆய்வு. புது மருந்து சற்றுக் குறைவாக வேலை செய்தாலும் செய்யட்டும், ஆனால் இந்த அளவைத் தாண்டிக் குறையவில்லை என்று காட்ட முடியுமா என்று கேட்டால் அது தாழ்வின்மை ஆய்வு, அதாவது நான்-இன்ஃபீரியாரிட்டி. மேலேயும் கீழேயும் குறித்த எல்லையைத் தாண்டக்கூடாது என்றால் சமான ஆய்வு.

அந்த அளவுக்கு மார்ஜின் என்று பெயர். அது ஆய்வுத் திட்டத்தில் முதல் நோயாளி சேரும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். மார்ஜின் எவ்வளவு என்று தெரியாதவரை, "தாழ்ந்ததல்ல" என்ற முடிவைப் படித்து எதுவும் புரிந்துகொள்ள முடியாது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் பாதி அந்த ஓர் எண்ணைப் பற்றியவை.

மேலானது என்று காட்டாத மருந்து எதற்கு?

செயல்திறன் தவிர வேறு ஏதாவது ஆதாயம் இருக்கும் என்பதால். ஆறு மாதச் சிகிச்சை நான்கு மாதமாகக் குறையலாம். ஊசி மாத்திரையாகலாம். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர், இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அடிக்கடி அலைவது தவிரலாம். விலையோ பக்கவிளைவோ குறையலாம்.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) இப்படி ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது: சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுக்கும் அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் போதுமா? 193 நோயாளிகள் கலந்துகொண்ட அந்த ஆய்வின் முடிவு 1959-இல் வந்தது. ஓராண்டின் முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதத்தினரும் வீட்டில் 86 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று அபாயம் கூடவில்லை என்பதும் தெரிந்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு மாற இந்த ஆய்வு வழி திறந்தது. இத்தனைக்கும், இன்றைய முறைப்படி 10 சதவீதப் புள்ளி மார்ஜின் வைத்திருந்தால் இந்த எண்ணிக்கைக்கு ஆய்வு தேறியிருக்காது. படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானோருக்கும் சிகிச்சை எட்டும் என்ற ஆதாயம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

பி மதிப்பு 0.05-க்கு மேல் வந்தால் இரண்டு மருந்தும் சமம்தானே?

இல்லை. இந்தத் தவறு இன்னும் ஆய்வுக் கட்டுரைகளில் வந்துகொண்டேயிருக்கிறது. ஒரு கணக்கு: குழுவுக்கு 40 பேர். பழைய மருந்தில் 34 பேர் குணம் (85%), புதியதில் 30 பேர் (75%). பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதற்கும் மேல் வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) 0.05-ஐவிட மிக அதிகம். ஆனால் வித்தியாசத்தின் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு, சுமார் −27 முதல் +7 வரை நீள்கிறது. நூற்றுக்கு 27 பேரைக் கூடுதலாக இழக்கும் வாய்ப்பையும் இந்த ஆய்வு மறுக்கவில்லை. ஆள் போதாததால் எதையும் சொல்ல முடியவில்லை என்பதே இதன் முடிவு.

அப்படியானால் முடிவை எப்படிப் படிப்பது?

நம்பிக்கை இடைவெளியை மார்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். குழுவுக்கு 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். பழையதில் 255 பேர் குணம் (85%), புதியதில் 249 பேர் (83%). வித்தியாசம் −2 புள்ளி, இடைவெளி −7.9 முதல் +3.9 வரை. மார்ஜின் 10 புள்ளி என்றால் −7.9 அதற்குள் நிற்கிறது, தாழ்வின்மை நிலைநாட்டப்பட்டது. மார்ஜின் 5 புள்ளி என்றால் இடைவெளியின் கீழ்முனை எல்லையைத் தாண்டிவிட்டது, ஆகவே நிலைநாட்டப்படவில்லை. தரவு ஒன்றுதான், மார்ஜின் மாறியதும் முடிவும் மாறிவிட்டது.

நிலைநாட்டப்படவில்லை என்பதாலேயே புது மருந்து தாழ்ந்தது என்று ஆகிவிடாது. முழு இடைவெளியும் மார்ஜினுக்கு அப்பால் விழுந்தால்தான் தாழ்ந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். இன்னொரு விசித்திரமான நிலையும் உண்டு. இடைவெளி −6 முதல் −1 வரை, மார்ஜின் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மருந்து பழையதைவிட மோசம் என்பது புள்ளியியல்படி உறுதி, அதே சமயம் தாழ்ந்ததல்ல என்பதும் உறுதி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். தலைப்பில் பெரும்பாலும் இரண்டாவது மட்டும்தான் இருக்கும்.

உண்மையான ஆய்வு ஒன்றை வைத்துக் காட்ட முடியுமா?

காசநோய்ச் சிகிச்சையை ஆறு மாதத்திலிருந்து நான்கு மாதமாகக் குறைக்க நடந்த இரண்டு ஆய்வுகளைப் பாருங்கள்.

முதலாவது 2014-இல் முடிவு வெளியான ரெமாக்ஸ் டிபி. 1,931 பேர், மார்ஜின் 6 புள்ளி. வழக்கமான நான்கு மருந்துகளில் எத்தாம்ப்யூட்டாலுக்குப் பதிலாக மாக்ஸிஃபிளாக்சசின் ஒரு குழுவுக்கு, ஐசோனியாசிட்டுக்குப் பதிலாக மாக்ஸிஃபிளாக்சசின் இன்னொரு குழுவுக்கு. இரண்டு ஒப்பீடு இருந்ததால் 97.5% இடைவெளி பயன்படுத்தினார்கள். திட்டப்படி சிகிச்சை முடித்தவர்களில் ஆறு மாதக் குழுவில் 92% பேருக்கு நல்ல விளைவு. நான்கு மாதக் குழுக்களில் 85%, 80%. சரிசெய்த வித்தியாசம் (இங்கே மோசமான விளைவின் கூடுதலைக் கணக்கிடுவதால் கூட்டல் எண்ணே தாழ்வு) முறையே 6.1 (1.7 முதல் 10.5), 11.4 (6.7 முதல் 16.1). முதல் குழுவின் மேல்முனை 10.5 என்பது 6-ஐத் தாண்டியது, எனவே தாழ்வின்மை நிலைநாட்டப்படவில்லை. இரண்டாவது குழுவில் இடைவெளி முழுவதுமே 6-க்கு அப்பால் இருக்கிறது. இந்தக் குழுக்களில் சளியிலிருந்த கிருமி முதலில் வேகமாகக் குறைந்தது, ஆனால் சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்புவது கூடியது. தொடக்க வேகத்தை மட்டும் பார்த்து மருந்தை மாற்றியிருந்தால் எத்தனை பேருக்கு நோய் திரும்பியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது 2021-இல் வெளியான ஸ்டடி 31. 13 நாடுகள், 2,516 பேர், மார்ஜின் 6.6 புள்ளி. ரிஃபாபென்டினும் மாக்ஸிஃபிளாக்சசினும் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சையில் மோசமான விளைவு 15.5%, ஆறு மாதத்தில் 14.6%. வித்தியாசம் 1.0, இடைவெளி −2.6 முதல் 4.5. தேறியது. மாக்ஸிஃபிளாக்சசின் இல்லாமல் ரிஃபாபென்டின் மட்டும் மாற்றிய குழுவில் வித்தியாசம் 3.0, இடைவெளி −0.6 முதல் 6.6. மேல்முனை மார்ஜினைத் தொட்டே நின்றது. அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே விதி, ஆகவே தேறவில்லை. மதிப்பிடத்தக்க நோயாளிகளை மட்டும் எடுத்த பகுப்பாய்வில் அதே குழுவின் மேல்முனை 7.7. இரண்டும் ஒரே திசையில் பேசியதால் சந்தேகத்துக்கு இடமில்லை. தேறிய முறையை உலக சுகாதார நிறுவனம் 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு மாற்று வழியாகப் பரிந்துரைத்தது.

மார்ஜினை யார், எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள்?

ஆய்வாளர்களும் ஒழுங்குமுறை அமைப்பும். ஆனால் இஷ்டத்துக்கு அல்ல. பழைய மருந்து மருந்தில்லாத போலி மாத்திரையைவிட, அதாவது பிளாசிபோவைவிட, எவ்வளவு மேல் என்ற முன் ஆய்வுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வராமலிருக்க வார்ஃபரின் கொடுக்கிறோம். அதைப் பிளாசிபோவுடன் ஒப்பிட்ட ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அபாய விகிதம் 0.36, இடைவெளி 0.25 முதல் 0.53. திருப்பிச் சொன்னால், வார்ஃபரினை நிறுத்தினால் அபாயம் சுமார் 2.8 மடங்கு. இடைவெளியின் மிக எச்சரிக்கையான முனையை எடுத்தாலும் 1.9 மடங்கு. வார்ஃபரினின் முழுப் பயனையும் இழப்பது என்றால் இந்த 1.9 வரை போவது. இதுதான் முதல் மார்ஜின்.

முழுப் பயனையும் இழக்க எந்த மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். எனவே குறைந்தது பாதிப் பயனாவது மிஞ்ச வேண்டும் என்று வைக்கிறார்கள். விகிதங்களை மடக்கை அளவில் பாதியாக்குவதால் 1.9-இன் வர்க்கமூலம் வரும்: 1.38. அபிக்சபானைச் சோதித்த அரிஸ்டாட்டில் ஆய்வு இந்த 1.38-ஐ எடுத்துக்கொண்டது. டாபிகாட்ரானுக்கான ரீ-லை, ரிவராக்சபானுக்கான ராக்கெட் ஏஎஃப் இரண்டும் சற்றுத் தளர்வான 1.46-ஐ எடுத்தன.

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: அன்றைய ஆய்வுகளில் வார்ஃபரின் தந்த அதே பலனை இன்றைய நோயாளிகளிடமும் தரும் என்பது. நோயாளிகளின் வயது, கூடவே எடுக்கும் மருந்துகள், ஐ.என்.ஆர். கட்டுப்பாடு ஆகியவை மாறியிருந்தால் அனுமானம் ஆட்டம் காணும்.

மார்ஜின் தவறாகப் போனால் என்ன ஆகும்?

ஜைமெலகாட்ரான் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தின் கதைதான் இதற்குப் பாடம். வார்ஃபரினுடன் ஒப்பிட்ட ஸ்போர்டிஃப் ஆய்வுகளில் மார்ஜினை விகிதமாக வைக்காமல் ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளி என்று நேர் வித்தியாசமாக வைத்தார்கள். வார்ஃபரின் குழுவில் ஆண்டுக்கு 3.1% பேருக்குப் பக்கவாதம் போன்ற நிகழ்வு வரும் என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கணக்கில் 2 புள்ளி என்பது 5.1% வரை, அதாவது 1.6 மடங்கு வரை அனுமதி. ஸ்போர்டிஃப் 5-இல் உண்மையில் வார்ஃபரின் குழுவில் வந்தது 1.2% மட்டுமே. அதே 2 புள்ளி இப்போது 3.2% வரை, கிட்டத்தட்ட 2.7 மடங்கு வரை அனுமதித்துவிட்டது. மேலே பார்த்தபடி வார்ஃபரினே கொடுக்காமல் விட்டால்தான் அவ்வளவு கூடும்.

ஜைமெலகாட்ரானில் 1.6%, வித்தியாசம் 0.45, இடைவெளி −0.13 முதல் 1.03. 2-க்கு மிகக் கீழே இருந்ததால் காகிதத்தில் தேறிவிட்டது. ஆனால் விகிதமாகப் பார்த்தால் சுமார் 1.4, அதன் மேல்முனை 2-ஐத் தாண்டியது. மார்ஜின் மிகத் தளர்வு என்பதையும் கல்லீரல் பாதிப்பையும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. கேள்வி கேட்டது. 2004-இல் அனுமதி மறுக்கப்பட்டது, 2006-இல் நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. நிகழ்வு விகிதம் எவ்வளவு வரும் என்று உறுதியில்லாத இடத்தில் விகித மார்ஜினே பாதுகாப்பு.

எல்லா நோய்க்கும் தாழ்வின்மை ஆய்வு நடத்தலாமா?

கூடாது. பழைய மருந்தே பிளாசிபோவைவிட மேல் என்று உறுதியாகத் தெரியாத நோயில் அதற்குக் குறைந்ததல்ல என்று காட்டி என்ன பயன்? டெலித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் 2004-இல் அமெரிக்காவில் நிமோனியா, சைனஸ் அழற்சி, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியின் திடீர்ச் சீற்றம் மூன்றுக்கும் அனுமதி பெற்றது. பின்னிரண்டும் பலருக்குத் தானாகவே குறையக்கூடியவை. அங்கே இரண்டு மாத்திரைகளும் ஒரே பலன் தந்தால், இரண்டும் வேலை செய்தனவா, இரண்டும் செய்யவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை. கல்லீரல் பாதிப்புச் செய்திகள் வந்தபின், 2007-இல் அந்த இரண்டு நோய்களுக்கான அனுமதி நீக்கப்பட்டது. நிமோனியாவுக்கான அனுமதி மட்டும் நீடித்தது.

ஆய்வை அக்கறையில்லாமல் நடத்தினால் முடிவு எந்தப் பக்கம் சாயும்?

மேன்மை ஆய்வில் கவனக்குறைவு புது மருந்துக்கு எதிராக வேலை செய்யும். தாழ்வின்மை ஆய்விலோ அதற்குச் சாதகமாகிவிடும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள், பாதியில் விட்டவர்கள், தவறான நோயறிதலோடு சேர்ந்தவர்கள், குறைந்த டோஸில் கொடுக்கப்பட்ட பழைய மருந்து என ஒவ்வொன்றும் இரு குழுக்களையும் ஒன்றுபோல ஆக்கும். ஒன்றுபோலத் தெரிவதைத்தானே இங்கே வெற்றி என்கிறோம்!

அதனால்தான் சேர்த்த எல்லோரையும் கணக்கில் எடுக்கும் பகுப்பாய்வையும், திட்டப்படி சிகிச்சை முடித்தவர்களை மட்டும் எடுக்கும் பகுப்பாய்வையும் இரண்டையுமே கேட்க வேண்டும். ராக்கெட் ஏஎஃப்-இல் வார்ஃபரின் குழுவின் ஐ.என்.ஆர். உரிய வரம்பில் இருந்தது சராசரியாக 55% நேரம்தான். ஒப்பிட்ட வார்ஃபரின் சிறந்த நிலையில் இருந்ததா என்ற விவாதம் அப்போதே எழுந்தது.

கேர்ஸ் ஆய்வு (2018) இன்னும் கவலைக்குரியது. கௌட் நோயாளிகள் 6,190 பேர், ஃபெபக்சோஸ்டாட்டா அலோபியூரினாலா என்ற ஒப்பீடு, மார்ஜின் 1.3. இதய நிகழ்வுகளின் விகிதம் 1.03, மேல்முனை 1.23. தேறியது. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் மருந்தை நிறுத்திவிட்டார்கள், 45% பேர் தொடர் கண்காணிப்பை முடிக்கவில்லை. இதய நோயால் இறப்பு மட்டும் பார்த்தால் ஃபெபக்சோஸ்டாட்டில் 1.34 மடங்கு (1.03 முதல் 1.73). முதன்மை விளைவு தேறியதோடு நிறுத்தியிருந்தால் அந்த எண் கண்ணில் பட்டிருக்காது. 2019-இல் எஃப்.டி.ஏ. அந்த மருந்துக்குக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கை, விதித்தது.

தாழ்வின்மை காட்டிய ஆய்விலேயே மேன்மையையும் சோதிக்கலாமா?

சோதிக்கலாம். முதலில் தாழ்வின்மை, அது தேறினால் மேன்மை என்று வரிசையைத் திட்டத்தில் எழுதியிருந்தால் பிழை விகிதம் கூடாது. ரீ-லை (2009, 18,113 பேர்) நல்ல எடுத்துக்காட்டு. பக்கவாதமும் உறைகட்டி அடைப்பும் வார்ஃபரினில் ஆண்டுக்கு 1.69%. டாபிகாட்ரான் 110 மி.கி. இருவேளையில் 1.53%, விகிதம் 0.91 (0.74 முதல் 1.11): 1.46-க்குக் கீழே, ஆனால் 1-ஐக் கடக்கிறது. எனவே தாழ்வின்மை மட்டும். 150 மி.கி.யில் 1.11%, விகிதம் 0.66 (0.53 முதல் 0.82): 1-க்கும் கீழே, எனவே மேன்மையும். பெரிய இரத்தக்கசிவு 110 மி.கி.யில் 2.71%, வார்ஃபரினில் 3.36%. குறைந்த டோஸின் ஆதாயம் அங்கே இருக்கிறது.

மறுதிசையில் போவது ஆபத்து. மேன்மை காட்டத் தொடங்கி, தோற்றபின் ஒரு மார்ஜினைக் கண்டுபிடித்து "தாழ்ந்ததல்ல" என்று எழுதுவதை ஏற்கக் கூடாது. தரவைப் பார்த்தபின் வைத்த மார்ஜின் எப்போதும் தரவுக்குப் பொருந்தும்படியே இருக்கும்.

எத்தனை பேர் தேவை?

மார்ஜினின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில். இருவேறு மருந்திலும் குணவிகிதம் 85%, ஒருபக்கப் பிழை (தாழ்ந்த மருந்தைத் தாழ்வில்லாதது என்று சொல்லிவிடும் வாய்ப்பு) 2.5%, திறன் (தாழ்வில்லாத மருந்தை ஆய்வு சரியாகக் கண்டுகொள்ளும் வாய்ப்பு) 90% என்று வைத்தால் 10 புள்ளி மார்ஜினுக்குக் குழுவுக்கு 268 பேர். அதையே 5 புள்ளியாக்கினால் 1,072. பத்தில் ஒருவர் விலகுவார் என்றால் 268 என்பது 298 ஆகும். புது மருந்து உண்மையில் 2 புள்ளி குறைவு என்று நேர்மையாக எதிர்பார்த்தால் 10 புள்ளி மார்ஜினுக்கே சுமார் 440 பேர் வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு இடைவெளி எல்லையைத் தாண்டியதும் திகைக்கிறார்கள்.

ஜெனரிக் மருந்தின் 80–125 என்ன?

மூல மருந்தின் நகலாக வேறு நிறுவனம் தயாரிப்பது ஜெனரிக்; சமான ஆய்வு அதிகம் நடப்பது இங்கேதான். மாத்திரையில் 80 முதல் 125 சதவீதம் மருந்து இருக்கலாம் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. ஆரோக்கியமான தன்னார்வலர்கள், வழக்கமாக 24 முதல் 36 பேர், ஒருமுறை ஜெனரிக்கும் இடைவெளி விட்டு இன்னொருமுறை மூல மருந்தும் சாப்பிடுவார்கள். இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவும் மொத்த உட்கிரகிப்பு அளவும் (சி-மேக்ஸ், ஏ.யு.சி.) கணக்கிடப்படும். இரண்டின் பெருக்குச் சராசரி விகிதத்தின் 90% நம்பிக்கை இடைவெளி முழுவதும் 80.00 முதல் 125.00 வரைக்குள் இருக்க வேண்டும். விகிதம் 93%, இடைவெளி 87 முதல் 99 என்றால் தேறும். விகிதம் 90%, இடைவெளி 79 முதல் 102 என்றால் தேறாது. இடைவெளியே உள்ளே நிற்க வேண்டியிருப்பதால் சராசரி விகிதம் 80-க்கோ 125-க்கோ பக்கத்தில் இருக்கும் மருந்து நடைமுறையில் தேறுவது அரிது.

80-இன் தலைகீழ் 125 என்பதால் இது மடக்கை அளவில் சரிசமமான எல்லை. சிறிய மாற்றமே ஆபத்தாகும் மருந்துகளுக்கு ஐரோப்பாவில் 90.00 முதல் 111.11 என்று இறுக்குகிறார்கள். இந்தியாவில், உயிர்மருந்தியல் வகைப்பாட்டில் கரைதிறன் குறைந்த இரண்டாம், நான்காம் பிரிவுகளில் வரும் வாய்வழி மருந்துகளுக்கு உரிமம் கேட்பவர்கள் இந்த ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று 2017 ஏப்ரலில் விதி வந்தது.

பிளாசிபோவுக்குத் தாழ்ந்ததல்ல என்றுகூட ஆய்வு வருகிறதே?

அது பாதுகாப்புக்கான ஆய்வு. நீரிழிவு மருந்து சர்க்கரையைக் குறைக்கும் என்பது தெரிந்ததே, மாரடைப்பைக் கூட்டுகிறதா என்பதுதான் கேள்வி. 2008-இல் எஃப்.டி.ஏ. வைத்த எல்லை 1.3. சிட்டாகிளிப்டினுக்கான டீக்கோஸ் ஆய்வில் 0.98 (0.88 முதல் 1.09): கூட்டவில்லை. லிராகுளூடைடுக்கான லீடர் ஆய்வில் 0.87 (0.78 முதல் 0.97): கூட்டவில்லை என்பதோடு குறைக்கவும் செய்தது.

இப்படியே போனால் மருந்துகள் தலைமுறை தலைமுறையாகப் பலவீனமாகிவிடாதா?

ஆகலாம். முதல் மருந்தைவிடச் சற்றுக் குறைந்த இரண்டாவது, அதைவிடச் சற்றுக் குறைந்த மூன்றாவது என்று ஒவ்வொன்றும் முந்தையதோடு மட்டும் ஒப்பிடப்பட்டால் கடைசி மருந்து பிளாசிபோவை நெருங்கிவிடும். ஒப்பீட்டுக்கு எப்போதும் நன்கு நிறுவப்பட்ட சிறந்த மருந்தையே எடுக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இத்தகைய ஆய்வில் சேரச் சொன்னால் நோயாளி என்ன கேட்க வேண்டும்?

புது மருந்தில் எனக்கு என்ன ஆதாயம் என்று முதலில் கேளுங்கள். குறைந்த நாளா, குறைந்த பரிசோதனையா, குறைந்த பக்கவிளைவா என்று தெளிவாகப் பதில் வர வேண்டும். அடுத்து, அதற்காக எவ்வளவு இழப்பை ஏற்றுக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். "நூறு பேரில் கூடுதலாக ஆறு பேருக்கு மேல் நோய் திரும்பாது என்று காட்டப் பார்க்கிறோம்" என்பது போன்ற எண்ணாகப் பதில் வர வேண்டும். ஒப்புதல் படிவத்தில் இது எளிய தமிழில் இருக்க வேண்டியது நெறிமுறைக் குழுவின் பொறுப்பு. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் 2009 ஜூன் முதல் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் கட்டாயம் பதிவாகின்றன. பதிவு எண்ணை வாங்கி அங்கே தேடினால் ஒப்பிடும் மருந்து, டோஸ், முதன்மை விளைவு எல்லாம் கிடைக்கும். மார்ஜின் அங்கே இல்லையென்றால் ஆய்வாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.